மீதிக் கரண்டு

சூசை அண்ணனின் ஈரத்துண்டு அன்றைக்கும் சோலார் பேனலின் மூலையில்தான் காய்ந்துகொண்டிருந்தது.

நான் வேனிலிருந்து இறங்கிப் போய் அதை எடுத்து, பக்கக் கண்ணாடியின் கம்பியில் போட்டேன். பேனலின் வடக்கு விளிம்புக்கு இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்து, தெற்கே பார்க்க நிமிர்த்தினேன். மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து போகும். படுத்துக் கிடக்கும் பேனலுக்கு அது முழுசாகக் கிடைக்காது.

தாடிக்கொம்புப் பள்ளி மைதானத்தில் எங்கள் காது பரிசோதனை முகாமுக்கு அது நான்காவது நாள்.

வேனுக்குள் பலகையும் பஞ்சும் வைத்து அடைத்த சின்ன அறை ஒன்று உண்டு. அதில் ஒருவரை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவது என் வேலை. ஒலி கேட்டால் அவர் கையிலுள்ள பொத்தானை அழுத்துவார். என் மேசையில் சிவப்பு விளக்கு எரியும்.

எல்லாம் ஒரே பேட்டரியில் ஓடின. ஜெனரேட்டர் வைத்தால் அந்தச் சத்தத்தில் நல்ல காதுக்கும் ஒன்றும் கேட்காது. அதனால்தான் பேனல்.

காலையில் அதை விரித்து வைப்பதும் சாயங்காலம் மடித்து எடுப்பதும் டிரைவர் சூசை அண்ணனின் பொறுப்பு. முகாம் நாட்களில் வேனிலேயே சமைத்து, வேனிலேயே படுத்துக்கொள்வார்.

அவருக்கும் ஒரு பரிசோதனை பாக்கி இருந்தது. இருபதாம் தேதிக்குள் காது ரிப்போர்ட் கொடுக்காத டிரைவருக்கு அடுத்த வருடம் வேலை இல்லை என்று ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருந்தது.

அன்று பதினெட்டு.

"நமக்கென்ன தாயி, சனத்துக்கு மொதல்ல பாரு. மீதிக் கரண்டு இருந்தா எனக்குப் பாத்துக்கலாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

மூன்று நாளும் மீதி இல்லை. நாலு மணிக்கெல்லாம் பேட்டரி முள் சிவப்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

துண்டைத் தினமும் பார்த்தும் அன்று காலைவரை எனக்கு உறைக்கவில்லை. பேனலின் கட்டங்கள் ஒன்றோடொன்று கோத்தவை. ஒரு கட்டத்தில் நிழல் விழுந்தாலும் வரிசையே சோர்ந்துவிடும். வந்த புதிதில் இதை அவருக்கு நானே விளக்கியிருக்கிறேன். கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டார்.

நான் எது சொன்னாலும் அப்படித்தான் கேட்பார். எனக்கு அது பிடிக்கும்.

என் குரல் சின்னது. பி.எஸ்ஸி. இயற்பியல் வைவாவில் கேள்வி கேட்டவரிலிருந்து முகாமுக்கு வருகிறவர்கள் வரை எல்லாரும் முதலில் சொல்வது, சத்தமாகப் பேசு என்பதுதான். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லாதவர் சூசை அண்ணன் ஒருவர்தான்.

கடைசி ஆளாகக் காதைக் காட்டிவிட்டு இறங்கிய உள்ளூர் ஜெய்தூன் பீவி, படியில் நின்று சூசை அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா டிரைவரு, ஊர் காதெல்லாம் பாத்தாச்சு. நீ மட்டும் தப்பிச்சுட்டுத் திரியிறியாக்கும்?"

சூசை அண்ணன் சிரித்தார். மணி நாலு. முள் பச்சையிலேயே நின்றது.

அவர் முள்ளைப் பார்த்தார். கம்பியில் கிடந்த துண்டைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அறைக்குள் போனார்.

எல்லாரையும் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்வேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக என்னைப் பார்க்க உட்கார்ந்தார்.

"சொவத்தப் பாத்தா மூச்சு முட்டுது தாயி."

முதல் ஒலியை அனுப்பினேன். விளக்கு எரிந்தது. இரண்டாவது. எரிந்தது. ஒலியைக் குறைத்துக்கொண்டே போனேன். ஹெட்போன் மாட்டினால் எனக்கே கேட்காத அளவிலும் எரிந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்கள் என் விரல் மேல் இருந்தன.

ஒலி அனுப்பும் விசையைத் தொடாமல் விரலை மட்டும் அசைத்தேன்.

விளக்கு எரிந்தது.

ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். அதன்பிறகு வெகுநேரம் எரியவில்லை. ஒலியை நன்றாகக் கூட்டிய பிறகுதான், ஒரு தடவை, தயங்கித் தயங்கி எரிந்தது.

அறைக் கதவைத் திறந்தேன். ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உள்ளத எழுதிரு தாயி. ஒன்மேல எனக்கு வருத்தம் இல்ல."

நான் பெஞ்சுக்கு அடியில் இருந்த பெட்டியை எடுத்தேன். முகாமுக்கு வருகிறவர்களுக்கு மாட்டிப் பார்க்கிற காது கேட்கும் கருவிகள் அதில் இருந்தன. ஒன்றை எடுத்து அவர் காதில் பொருத்தினேன். முடிவெட்ட உட்கார்ந்தவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கொடுத்தார். அதிலிருந்த சின்னச் சக்கரத்தை மெல்லத் திருப்பினேன்.

வெளியே பெருமாள் கோயில் மைக்செட்டில் பாட்டுப் போட்டார்கள். எங்கோ ஒரு சைக்கிள் மணி அடித்தது. அவர் சட்டென்று எழுந்து வாசல் பக்கம் திரும்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

அவர் முதுகைப் பார்த்து, என் வழக்கமான குரலில் சொன்னேன்.

"கருவியோட கேட்டாலும் போதும்னு டாக்டர் சொல்லியிருக்காருண்ணே. முள்ளு இன்னும் பச்சையிலதான் இருக்கு. இன்னொருக்கா பாத்து அதையே எழுதிருவோம்."

அவர் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"ஏந்தாயி, இம்புட்டு மெதுவாவா பேசுவ நீயி?" என்றார். "செத்த சத்தமாப் பேசுனா என்ன?"