பிளக்கும் மரமும்

மெக்கானிக் மொட்டை மாடிக்குப் போகவே இல்லை. டிவிக்குப் பின்னால் முழங்காலிட்டு, ஏரியல் வயரை இரண்டு விரலால் லேசாக இழுக்கிறார். அது பிளக்கை விட்டுக் கையோடு வந்துவிடுகிறது. திரையில் செய்தி வாசிப்பவரின் முகம் கட்டங்கட்டமாகச் சிதறி உறைகிறது. "இந்த பிளக்கை யாரு சார் மாட்டினது?" டார்ச்சைப் பிடித்தபடி நிற்கும் வீட்டுக்காரன் வெளிச்சத்தை வயர் பக்கம் திருப்புகிறான். "இவருதான். போன மாசம் டிவிய இடம் மாத்தினப்போ," என்கிறாள் மனைவி. மெக்கானிக் வயரின் நுனியைச் சீவிப் புது பிளக்கை முறுக்குகிறார். சிதறிய முகம் ஒன்றுகூடுகிறது, குரல் திக்காமல் வருகிறது. "சிக்னல் நல்லாத்தான் இருக்கு சார். வேற ஒண்ணுமில்ல." ஜன்னல் வழியாக, இத்தனை வருஷமும் வராத வெயில் தரையில் நீளமாகக் கிடக்கிறது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மரம் மொட்டையாக நிற்கிறது. அதுதான் சிக்னலை மறைக்கிறதென்று மூன்று நாள் அவர்கள் வாசலில் நின்று கத்தி, நேற்றுதான் வீட்டுக்காரன் அதன் கிளைகளை வெட்ட வைத்தான். கீழே கிடக்கும் கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, டிவி சத்தம் கேட்டு, கையில் ஒட்டிய இலைகளைத் தட்டியபடி ஜன்னலருகே வருகிறாள். "இப்ப படம் நல்லா தெரியுதா தம்பி?" குரலில் குத்தல் துளியும் இல்லை. அவனுக்குக் காது மடல் சுடுகிறது. "தெரியுதுக்கா." "அப்ப மரந்தான் போல. நான்தான் புரியாம உங்ககிட்ட மல்லுக்கு நின்னுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க." மெக்கானிக் நிமிர்ந்து அவனைப் பார்க்கிறார், பிறகு குனிந்து பையை மூடுகிறார். அவன் தலையை மட்டும் ஆட்டுகிறான். மனைவி எழுந்து போய் டிவியை அணைக்கிறாள்.