குறிப்பில் இல்லாத வரி

என் பெயர் சகாயராஜ், வயது இருபத்து மூன்று, மஸ்கட்டில் இருக்கிறேன். ஊரில் இருக்கும் அம்மாவுக்காக ஃபோனிடம் பேசி இதை எழுதவைக்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி நெட்வொர்க்கை ஏஐயிடம் ஒப்படைத்தார்கள். சுவிட்ச் என்றால், நோயாளிகளின் கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி; அதன் பெயரைக் கொடுத்தால் தேடித் தரும் டூல் ஒன்று ஏஐக்கு உண்டு. அந்த டூலைப் பற்றி ஏஐ அறிவது அதன் விளக்கக் குறிப்பிலிருந்துதான்; அதைப் படித்து மதிப்பெண் போட என்னிடம் சொன்னார்கள். பத்துக்குப் பத்து போட்டேன். பெயர் அகப்படாவிட்டால், அதைப் போன்ற பெயருள்ள வேறொன்றை டூல் எடுத்துத் தரும். எனக்கு அது தெரியும். அதனாலேயே குறிப்பில் அந்த வரி இல்லாதது என் கண்ணில் படவில்லை. இன்று காலை, என்றோ கழற்றிவிட்ட பழைய சுவிட்சை, கழற்றியது தெரியாமல், அணைக்க ஏஐ தேடியது. டூல் தீவிர சிகிச்சைப் பிரிவின் சுவிட்சை எடுத்துக் கொடுக்க, ஏஐ அதை அணைத்துவிட்டது. பதினோரு நிமிடம் எந்த அலாரமும் நர்சுகளுக்குக் கேட்கவில்லை. ஆறாம் படுக்கையில் இருந்தவர் இறந்துபோனார்.

“ஏல, ஒனக்குத் தெரிஞ்சா அதுக்கும் தெரியுமா? அது என்ன ஒன் கூடப் பொறந்ததா?” என்றார், என்னோடு வேலை பார்க்கும் ஜெயசீலன் அண்ணன். பிறகு அவரே என் தட்டில் சோறு போட்டார்.

குறிப்பின் அடியில் இருப்பது என் கையெழுத்து. நாளை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுபவர்கள், ஆறாம் படுக்கை வரியை மட்டும் விட்டுவிடுங்கள்.