களைப்பில்லாத பயணம்

ஜவ்வாது மலை ஊருக்குச் சாலை தேவையா என்று பார்த்து எழுத வந்த அதிகாரி, வழியெல்லாம் விமானப் புராணம் பாடினார்.

“டெல்லியிலிருந்து மெட்ராஸ் ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல, வேடியப்பா. பிளேன்ல ரெண்டரை மணி நேரம்தான். ஒரு தூக்கம் போட்டா வந்துடும்.”

“எங்க ஊரு அடிவாரத்துலேர்ந்து பன்னெண்டு கிலோமீட்டருங்க. அஞ்சு மணி நேரம் ஆவுது,” என்றார் ஊர்க்காரர் வேடியப்பன், மூச்சு வாங்க.

“நீங்க மெதுவா நடக்கிறீங்க.”

“இன்னா பண்றதுங்க, பாதை அப்படி. போன மாசம் எம் பொண்ண பிரசவத்துக்குக் கீழ தூக்கினு போனோம். பாதி வழியிலயே உசுரு போயிடுச்சி. இன்னொரு பொண்ணு இப்ப மாசமா இருக்குதுங்க. ஐயாதான் ரோடு வேணும்னு எழுதணும்.”

“அதுக்குத்தானே வந்திருக்கேன்.”

ஊர் தெரிந்தது. அதிகாரி கோப்பை மடியில் விரித்து எழுதினார்:

‘மலைப் பாதையில் நானே நேரில் பயணம் செய்தேன். சிறிதும் களைப்பு ஏற்படவில்லை. சாலைக்கு இப்போது அவசியமில்லை.’

கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார்.

“சரி, இறக்குங்கப்பா.”

வேடியப்பனும் மற்ற மூவரும் டோலியைத் தோளிலிருந்து இறக்கினார்கள்.