வேலியில் ஈரச் சாக்கு

மதிவதனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டு றுக்கியா இன்றைக்கும் மூன்று சாக்குகளைச் சொட்டச் சொட்ட நனைத்து வேலியில் தொங்கவிட்டிருந்தாள். கச்சான் காற்று அனலாய் வீசுகிற ஆடி மாதம். குழாயில் விடிகாலையில் ஒரு மணித்தியாலம்தான் தண்ணீர்.

"குடிக்கிற தண்ணிக்கே அடிபடுறம். இவ சாக்கைக் குளிப்பாட்டுறா!"

அதுவும் மதிவதனாவுடைய ஏசி மெஷினின் முதுகுக்கு நேரே. உள்ளே, நாளைக்குக் கிளிவெட்டிக் கலியாண வீட்டுக்குப் போக வேண்டிய மூன்று தட்டுக் கேக். பட்டர் ஐசிங்கில் நாற்பது ரோசாப்பூ. மெஷினுக்குக் காற்றுப் போகாமல் அறை சூடேறினால் அவ்வளவும் கூழ்.

"றுக்கியா ராத்தா!" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். பதில் இல்லை. சாக்குகளை உருவி வேலிக்கு அப்பால் எறிந்தாள். மனதுக்கு என்ன சுகம்!

அந்தச் சுகம் பதினொன்றரை மணி வரைக்கும்தான். ஏசி முக்கியது, முனகியது, டக்கென்று நின்றது. திரும்பப் போட்டாள், திரும்பவும் நின்றது. மேல்தட்டு ரோசாக்கள் தலைசாயத் தொடங்க, அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏசி திருத்துகிற நிப்றாஸ் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலியைப் பார்த்தான்.

"இதில கிடந்த சாக்கெல்லாம் எங்க அக்கா?"

"நான்தான் கழட்டி எறிஞ்சனான். காத்தை மறைக்குதெல்லோ?"

"நல்ல வேலை செஞ்சீங்க! ஈரச் சாக்குக்குள்ளால வாற காத்து குளிர்ந்து வரும். போன மாசம் நாளுக்கு மூணு தரம் நிண்ட மெஷின், ரெண்டு கிழமையா நிக்காம ஓடினது அதாலதான். ஹாபர் ஐஸ் பக்டரியிலயும் கச்சானுக்கு இப்பிடித்தான் செய்யிற. றுக்கியா ராத்தாட புருசன் அங்கதானே வேலை?"

மதிவதனா வேலியடிக்கு ஓடினாள். றுக்கியா அந்தச் சாக்குகளையே திரும்ப நனைத்துக்கொண்டிருந்தாள்.

"காத்து பிடுங்கி எறிஞ்சிட்டு போல, புள்ள."

"காத்தில்ல ராத்தா, நான்தான்" என்றாள் மதிவதனா. வெட்கம் பிடுங்கித் தின்றது. "தண்ணியை வீணாக்கிறியள் எண்டு நினைச்சிட்டன்."

றுக்கியா சிரித்துவிட்டாள். "குழாய்த் தண்ணியில்ல புள்ள. தொழுகைக்கு ஒளு எடுக்கக்குள்ள கைகால் கழுவுற தண்ணிதான். பேசினுக்குள்ள பிடிச்சு வைக்கிற. முந்தி அத இந்தக் கறிவேப்பிலைக்குத்தான் ஊத்தினனான்."

சாக்குகள் வேலிக்கு ஏறின. சற்று நேரத்தில் மெஷின் சீராக ஓடத் தொடங்கியது.

மதிவதனா கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தாள். ஓர் இலை மிச்சமில்லாமல் காய்ந்து நின்றது.

"ஐயோ ராத்தா, மரம்…"

"அது மழைக்குத் தளிர்க்கும் புள்ள. உங்கட ஐசிங் பூ உருகினாத் தளிர்க்குமா?"