இருபதாவது கேள்வி

“அவருக்கென்ன மேடம், காலையிலேயே வேலைக்குக் கிளம்பிட்டாரு” என்றாள் அம்மா, சுவரில் தொங்கிய ஆண் சட்டையைக் காட்டி.

சட்டைக் காலரில் கடைக்காரர் குத்திய குண்டூசி அப்படியே இருந்தது.

கள ஊழியர் படிவத்தில், ‘தந்தை உடன் வசிக்கிறார்’ என்று எழுதினாள். புள்ளி, பூஜ்யம்.

படிவம் வேலை செய்யும் விதம் எளிமையானது. இருபது கேள்விகள். ஒவ்வொரு கஷ்டத்துக்கும் புள்ளி உண்டு. பதினான்கு வந்தால் இளையோர் ஆதரவு மையத்தில் பிள்ளைக்கு இடம். தினமும் வண்டி வந்து அழைத்துப்போகும், ஆலோசகர் ஒருவர் பொறுமையாகப் பேசுவார், வாரம் ஒருநாள் பெற்றவர்களையும் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். பதின்மூன்று வந்தால் ‘தேவையில்லை’ என்ற முத்திரை. மறுபடி விண்ணப்பிக்க ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

பள்ளி அனுப்பிய கடிதத்தில் உள்ளதைத் தவிர, குடும்பம் வாயால் சொல்வதை மட்டுமே எழுதலாம். ஊழியரின் ஊகத்துக்கு இடமில்லை. இருந்தால் வேண்டியவர் வீட்டுக்கெல்லாம் கஷ்டத்தை அள்ளிப் போட்டுவிடலாம் அல்லவா? புள்ளிக் கணக்கைக் குடும்பத்திடம் சொல்லவும் கூடாது. சொல்கிறாளா என்று பார்க்கத்தான் பக்கத்து நாற்காலியில் மேற்பார்வையாளர்.

அம்மாவுக்கோ, இவர்கள் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தவர்கள். விடிந்ததிலிருந்து வீட்டைக் கழுவியிருந்தாள். அழுக்குத் தண்ணீர் வாளி இன்னும் வாசலோரம் இருந்தது.

“பொண்ணு சாப்பிடுறாளா அக்கா?”

“மூணு வேளையும்.”

“தூக்கம்?”

“படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா. உங்க வீட்டுப் பிள்ளைங்க தூங்காதா மேடம்?”

பூஜ்யம். பூஜ்யம்.

உள்ளறைக் கதவுக்கு வெளியே, ஆறிப்போன சாப்பாட்டுத் தட்டு தொடாமல் கிடந்தது. கதவின் உட்பக்கத்துத் தாழ்ப்பாள் கழற்றப்பட்டிருந்தது; சற்றே திறந்திருந்த விளிம்பில் திருகாணித் துளைகள் தெரிந்தன. பதினாறு வயது மகளின் அறையிலிருந்து ஒரு தாய் தாழ்ப்பாளைக் கழற்றினால், அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பது ஊழியருக்குத் தெரியும்.

மகள் நான்கு மாதமாக வரவில்லை என்ற அந்தப் பள்ளிக் கடிதம்தான் இருந்த புள்ளிகளையெல்லாம் தந்தது. பத்தொன்பது கேள்வி முடிந்தபோது மொத்தம் பதினொன்று.

மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஊழியர் எழுந்திருக்கவில்லை. சட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஊசியையாவது எடுத்திருக்கலாமே அக்கா. ஓடிப்போனவரு திரும்பி வந்தா குத்திடப்போகுது.”

அம்மாவின் முகம் வெளுத்தது. “என்ன சொன்னீங்க?”

“பெத்துட்டா ஆச்சா? தாழ்ப்பாளைக் கழட்டிட்டா வளர்த்ததா ஆயிடுமா? புருஷனையும் வச்சுக்கத் தெரியல, பொண்ணையும்...”

“எந்திரிடி!”

‘மேடம்’ என்ற மரியாதை போய்விட்டது. ஊழியரின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வாசல்வரை வந்தாள் அம்மா. வாளியைத் தூக்கி வீசினாள். பாதித் தண்ணீர் ஊழியர் மேல், மீதி மேற்பார்வையாளர் மேல்.

“இனி என் பொண்ணு இருக்கிற திசையில தலைவச்சுப் படுத்தே, காலை ஒடிச்சிடுவேன்!”

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

படிக்கட்டில் மேற்பார்வையாளர் சட்டையைப் பிழிந்தார். “பதினஞ்சு வருஷத்துல இப்படியொரு நாக்கை நான் பார்த்ததில்லம்மா. உங்க மேல புகார் எழுதாம விடமாட்டேன்.”

“எழுதுங்க சார். அதுக்கு முன்னாடி இங்க ஒரு கையெழுத்து.”

இருபதாவது கேள்வியைக் குடும்பத்திடம் கேட்பதில்லை. வந்தவரைத் திட்டினார்களா, தாக்கினார்களா என்று ஊழியரே நிரப்புவார். கூட இருந்தவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். வெளியாளிடமே இப்படி என்றால் உள்ளே இருக்கும் பிள்ளையின் கதி என்ன என்பது படிவம் தயாரித்தவர்களின் நியாயம். அதில் ‘ஆம்’ வந்தால், தாயின் பெயருக்கு நேரே ‘முரட்டுக் குணம்’ என்று கோப்பில் ஏறும். பிறகு யாராலும் அதை அழிக்க முடியாது.

ஈரத் தாளில் பேனா வழுக்கியது. ஊழியர் அழுத்திக் குறித்தாள்.

மூன்று புள்ளி.