அஞ்சடி ரைனோ

"ஓர்வில்! நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு ஐலி கத்தினாள். மைனஸ் இருபது குளிர் தொண்டையைப் பிடித்தது. கோபம் வந்தால் குளிராவது ஒன்றாவது!

பக்கத்து வீட்டு ஓர்வில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். தன் வாசல் பனியைச் சறுக்குவண்டியில் வாரி, இழுத்து வந்து, அவள் வீட்டுப் பின்வாசலை ஒட்டிய மரத்தளத்தின் தூண்களடியில் கொட்டிக்கொண்டிருந்தான்.

"இல்ல ஐலி... எங்க வாசல்ல இடமில்ல. அதான்..."

"எதிர்ல அவ்வளவு பெரிய காலி மனை கிடக்கு. அதை விட்டுட்டு மெனக்கெட்டு என் கொல்லைக்கு இழுத்துட்டு வர்றே. வீம்புதானே?"

ஓர்வில் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஈரம் ஊறி மரம் இத்துப்போனா நீயா வந்து கட்டித் தருவே?"

"இத்துப்போகாது. பனி போர்வை மாதிரி ஐலி. மண்ணுக்குள்ள குளிர் இறங்காம..."

"எனக்கே பாடமா? ஸ்ட்ராபெரி பாத்திக்கு வருஷாவருஷம் பனி போர்த்துறவ நான். அரையடி வேருக்குப் போர்வை வேணும். அஞ்சடி ஆழத்துல நிக்கிற தூணுக்கு எதுக்குய்யா? யார் போட்ட அஸ்திவாரம்னு தெரியும்ல?"

தெரியாமல் என்ன! வடக்கு மினசோட்டாவின் அந்த வட்டாரத்தில் பாதி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர் ஐலியின் கணவர் ரைனோ. மண் உறைந்தால் வீங்கும், தூணைத் தூக்கும். இளகினால் கோணலாக உட்காரவைக்கும். குளிர் நாலரை அடி இறங்குகிற ஊர். "அஞ்சடி தோண்டு. ஒரு அங்குலம் குறைஞ்சாலும் என் பேரைச் சொல்லாதே" என்பார். அதனாலேயே சர்ச்சில் காபி ஊற்றும்போதுகூட "என்ன அஞ்சடி, சௌக்கியமா?" என்றுதான் கேட்பார்கள்.

ஊருக்கெல்லாம் போட்டவர் தனக்கென்று போட்டது இந்த மரத்தளம் ஒன்றுதான். "ஏரியைப் பார்த்துக்கிட்டு ரெண்டு பேரும் காபி குடிக்கணும் ஐலி" என்று நாற்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி, போன அக்டோபரில்தான் கட்டி முடித்தார். மூன்று காலை குடித்தார்கள். நாலாவது காலை அவர் எழுந்திருக்கவே இல்லை.

ஐலிக்கு இப்போது ஒரே ஒரு ஆசை. மே மாதம் ஏரி இளகும்போது அங்கே போய் உட்கார வேண்டும். பக்கத்து நாற்காலி காலியாக இருந்துவிட்டுப் போகட்டும். அவர் கைபட்ட பலகை காலுக்கடியில் இருந்தால் போதும். அதற்குப்போய் இந்தப் பாவி உலை வைக்கிறானே!

ஓர்வில் கொட்டுவதும் ஐலி வாரி எறிவதுமாக ஜனவரி போயிற்று.

"அடக்கத்தன்னிக்கு அப்படி அழுதானே, எல்லாம் வேஷம்" என்று தங்கையிடம் போனில் பொரிந்து தள்ளினாள்.

கடைசியில், "இன்னொரு தடவை என் கொல்லையில காலை வெச்சே, போலீஸைக் கூப்பிடுவேன்" என்றாள்.

அதோடு ஓர்வில் வரவில்லை. தூண்களடியில் ஒரு பொட்டுப் பனி இல்லாமல் பெருக்கி வைத்தாள் ஐலி. அடுத்த மூன்று வாரமும் மைனஸ் முப்பதிலிருந்து குளிர் குறையவே இல்லை.

பிப்ரவரி கடைசியில் ஒரு காலை, பின்வாசல் கதவைத் திறந்தால் எதிலோ இடித்தது. தோளால் முட்டித் திறந்து பார்த்தாள்.

மரத்தளம் ஒரு பக்கம் நாலு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. கைப்பிடி மூட்டு விட்டிருந்தது. ரைனோவின் நாற்காலி சரிந்துவந்து அவளுடைய நாற்காலிமேல் சாய்ந்திருந்தது.

ஐலி வீட்டுச் செருப்போடு பனியில் நடந்துபோய் ஓர்வில் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அஞ்சடித் தூண் எப்படி எழும்பும் ஓர்வில்?"

"இந்த வருஷம் குளிர் கொஞ்சம் ஜாஸ்தி..."

"மழுப்பாதே. அவர் எவ்வளவு தோண்டினார்?"

ஓர்வில் அவளை உட்காரவைத்துக் காபி ஊற்றினான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ரெண்டரை."

ஐலி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மூச்சு வாங்கிச்சு அவருக்கு. நான் தோண்டறேன்னேன், விடல. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னேன், அதுக்கும் மாட்டேன்னுட்டார். 'நாள் இல்ல ஓர்வில், அவ இதுல உட்கார்ந்து ஒரு காபியாவது குடிக்கணும்'னார். 'கோடை வந்ததும் ஆழமாக்கிடறேன். நான் இல்லேன்னா நீ செய். அதுவரைக்கும் பனியைக் கொட்டி மூடி வை. ஐலிக்கு மட்டும் தெரியக் கூடாது. அவளுக்கு நான் அஞ்சடியாவே இருந்துட்டுப் போறேன்'னார்."

ஐலி வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ்வளவு திட்டினேனே, அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"வாக்கு கொடுத்துட்டேனே ஐலி."

மறுநாள் காலை ஓர்வில் தன் வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஐலி தன் வீட்டு முன்வாசல் பனியை வாளி வாளியாகத் தூக்கிவந்து தூண்களடியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன வேடிக்கை? இதுக்கு மேலயாவது எழும்பாம இருக்கட்டும். உங்க வாசல் பனியையும் இழுத்துட்டு வா."

அவன் சறுக்குவண்டியை எடுக்க ஓடினான்.

"ஓர்வில்!"

திரும்பினான்.

"ஜூன்ல தோண்டி ஆழமாக்கிடலாம். ஆனா ஊர்ல யார் கேட்டாலும் அவர் போட்டதே அஞ்சடிதான். தெரிஞ்சுதா?"