மூன்றாவது லவுஞ்ச்

"எனக்கு ஒரு லவுஞ்ச் போட்டுத் தாங்க, ரிஃகான் நானா."

அண்ணன் முறைக்கு 'நானா' போட்டுப் போனில் வினோதா இப்படிக் கேட்டதும் ரிஃகான் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டான். இலங்கை மலையகத்தில் ஹட்டன் டவுனில் விமான டிக்கெட் கடை வைத்த நாளிலிருந்து எத்தனையோ பேரை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறான், திரும்பவும் அழைத்திருக்கிறான். வீட்டு வேலைக்குப் போன பிள்ளை ஒன்று லவுஞ்ச் கேட்டது இதுதான் முதல் தடவை.

விமானம் மாறுகிற இடத்தில், காசு கட்டியவர்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டு இளைப்பாறுகிற சொகுசு மண்டபம் அது. டிக்கெட் விற்கிற அவனே ஒருநாளும் அதற்குள் போனதில்லை.

காலையிலிருந்து மழை. பாஸ்போர்ட், விசா என்று ஆள் மாறி ஆள் வந்து அவன் உயிரை எடுத்திருந்தார்கள். இப்போது இது வேறு.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் தட்ட ஆரம்பித்தான். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அழகம்மாவைப் பார்த்து, 'கேட்டீங்களா?' என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினான். வினோதாவின் அம்மா அவள். டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேன் பேச வந்திருந்தாள்.

நாளை மறுநாள் மகள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்குகிறாள். வெளிநாட்டிலிருந்து ஒருத்தர் வந்தால் தோட்டத்து வரிசை வீடுகளான லயமே திரண்டு வேன் பிடித்துப் போய் அழைத்து வருவதுதான் அங்கே வழக்கம். யாரையாவது விட்டுவிட்டுப் போனால் அப்புறம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

"சின்ன வேன் பத்தாது தம்பி, அம்புட்டுப் பேரும் வர்றாங்க. பூவுக்கும் சொல்லிட்டேன். அவ சடை இடுப்புக்குக் கீழ தொங்கும்ல, நாலு முழமாவது வேணும்" என்று சற்றுமுன்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரிஃகான் கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்தான். பெரிய விமான நிலையம். மூன்று டெர்மினல், மூன்றிலும் லவுஞ்ச் இருந்தது.

"மொதலாவது டெர்மினல்ல ஒண்ணு இருக்கு தங்கச்சி. நீங்க ஏறுற கேட்டுக்குப் பக்கம். சாப்பாடும் நல்லமாம்."

"சாப்பாடு வேணாம் நானா. குளிக்கிற ரூம் இருக்கா?"

"அது இல்ல."

"அப்ப வேற பாருங்க." குரல் களைத்துப்போய் இருந்தது. யாருக்கோ கேட்டுவிடுமோ என்று தாழ்த்தித்தான் பேசினாள்.

"ரெண்டாவதுல சாஞ்சு படுக்கிற கதிரை இருக்கு. குளிக்கவும் வசதி இருக்கு."

"உள்ளுக்குப் பூட்டிக்கிற தனி ரூமா?"

"இல்ல, பொதுவாத்தான் போட்டிருக்கு."

"வேணாம் நானா."

கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள். ரிஃகான் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதைத் திறந்தான்.

"இதுல தனி ரூம் இருக்கு. ஆனா பழசு. பிஸ்கட்டும் டீயும்தான் குடுப்பாங்க. ஏர்போர்ட்டுக்கு உள்ளயே ஒரு ரயில் புடிச்சுப் போகணும், அதே மாதிரித் திரும்பி வரணும். ரூமும் ஒரு மணித்தியாலத்துக்குத்தான், கூட வேணும்னா வேற காசு."

"பரவால்ல. ரூம்ல கண்ணாடி பெருசா இருக்குமா?"

அவனுக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சி, நீங்க ஊட்டுக்கு வர்றீங்களா, இல்ல பொண்ணு பாக்க வர்றவங்க முன்னால நிக்கப் போறீங்களா? மூஞ்சி கழுவ ஏர்போர்ட் பாத்ரூம் போதாதா? ஒங்க அம்மா மழையில நனைஞ்சு வந்து இங்க வேன் பேச ஒக்காந்திருக்காங்க."

வினோதாவின் குரல் இன்னும் தாழ்ந்தது.

"அம்மா அங்கயா இருக்காங்க? ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீங்க? நிப்பாட்டுங்க நானா."

நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்தான்.

"போன வருசம் சோத்துல ஒரு முடி கெடந்துச்சுன்னு மேடம் என் முடிய ஒட்ட வெட்டிட்டாங்க. வளர வளர வெட்டுறாங்க. தலையில மாட்டுற முடி ஒண்ணு வாங்கி ஒளிச்சு வச்சிருக்கேன். இந்த வீட்டுல மாட்டினா அதையும் புடுங்கிருவாங்க. ஏர்போர்ட் பாத்ரூம்ல மாட்ட ஏலாது. நம்ம பக்கத்துப் புள்ளைங்க அதே பிளேன்லதான் வர்றாங்க, எனக்கு முன்ன கதை லயத்துக்குப் போயிரும். அம்மா பூவோட வந்து நிப்பாங்க நானா."

சற்றுமுன் தான் பேசிய பேச்சை நினைக்க ரிஃகானுக்கு வெட்கமாக இருந்தது.

"மூணாவதையே போடுறேன் தங்கச்சி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தான். அறையை ஒரு மணித்தியாலத்துக்கு இல்லை, இரண்டு மணித்தியாலத்துக்குப் பதிவு செய்தான்.

அழகம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"என்ன தம்பி சொல்றா?"

"ஒண்ணுமில்லம்மா. தூரப் பயணம்ல, குளிச்சு உடுப்பு மாத்திட்டு வரணுமாம். போட்டுட்டேன்." அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனால் முடியவில்லை.

"சரி தம்பி" என்று வாசல்வரை போனவள், என்னவோ நினைத்துத் திரும்பி வந்தாள். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ரூமுக்குப் பூட்டு நல்லா இருக்குமா?"

ரிஃகான் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒரு வருசமா போன்ல முகத்தக் காட்டுறா, முக்காட்ட எடுக்க மாட்டேங்குறா. நானும் கேட்டுக்கல. கேட்டேன்னு நீங்களும் அவகிட்ட சொல்லிறாதீங்க."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"லயத்து ஆளுங்க யாரையும் அவ தலையத் தொட விடமாட்டேன் தம்பி. பூவ நானே மெதுவா வச்சு விடுறேன்."